சுற்றிவிட்டால் ஓடும் நட்டு

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கிணற்றில், நானே கணக்குப் போட்டு நானே கையெழுத்திட்ட ஒரு நட்டை நம்பித் தொட்டி விளிம்பில் ஏறி நின்று, ஊரே பார்க்கச் சேற்றில் விழுந்தவன் நான். யாரும் தள்ளவில்லை. யாரும் ஏறச் சொல்லவும் இல்லை. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மறைத்தால், படித்துவிட்டு எடுத்துச் சொல்வதற்குச் சேலத்தில் இன்னும் பத்துப் பேராவது நல்ல ஞாபகசக்தியோடு இருக்கிறார்கள்.

கிணற்றில் தூர் வாருவதற்காக எங்கள் பட்டறையில் ஓர் இரும்புத் தொட்டி செய்து கொடுத்திருந்தோம். தொட்டியின் மேல் ஒரு வளைவு, வளைவின் உச்சியில் அரை அங்குல போல்ட்டு, அதன் தலையில் வடம், அடியில் ஒரு நட்டு. கல்லும் சேறுமாகத் தொட்டி நிறைந்ததும் மேலே இரண்டு ஜோடி மாடுகள் வடத்தை இழுக்கும். தோட்டக்காரர் வந்து நட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க, இத்தனூண்டு நட்டு அத்தனை கல்லையும் தாங்குமுங்களா?"

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சட்டைப் பையிலிருந்து கணக்குத் தாளை எடுத்து நீட்டினேன். "என்னைப் போல முப்பது பேர் ஏறினாலும் தாங்கும்" என்றேன். அவர் தாளை வாங்கி நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"காயிதம் தாங்குமுங்க. நான் நட்டைக் கேட்டனுங்க."

அதற்கு மேல் வாயால் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. கிணற்றில் இறங்கினேன். தொட்டி நிறையக் கல் இருந்தது. விளிம்பில் ஏறி நின்று, இழுக்கச் சொல்லிக் கையை அசைத்தேன். மாடுகள் வெடுக்கென்று இழுத்தன. மூன்றடி உயர்ந்திருப்போம். 'டப்' என்று ஒரு சத்தம். போல்ட்டு வடத்தோடு மேலே போனது. தொட்டியும் கல்லும் நானும் கீழே வந்தோம். சேறு முழங்காலுக்கு மேல் இருந்ததால் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தோட்டக்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். நான் பிழைத்திருப்பதை உறுதி செய்துகொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"பாக்கி இருபத்தொம்பது பேரும் வாராங்களா சாமி?"

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம், எங்கள் பழைய பட்டறையின் வரைபட அறையில் எனக்குப் பின் வந்து உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞர். போல்ட்டும் நட்டும் இப்போது மரப்பெட்டியில், எண்ணெய்த்தாள் சுற்றி, கூடவே அச்சடித்த அட்டவணையோடு வருகின்றனவாம். எந்த போல்ட்டு எத்தனை டன் தாங்கும் என்று அட்டவணையே சொல்லிவிடுகிறதாம். "அந்தக் காலத்தில் நீங்கள் எப்படிக் கணக்குப் போட்டீர்கள்? இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள்" என்று கடிதம் போட்டிருந்தார். ஓய்வு பெற்றவனிடம் இரண்டு பக்கம் கேட்பது அவருடைய அனுபவக் குறைவைத்தான் காட்டுகிறது.

நான் படித்தது சென்னையில், இரண்டு வருடம். அங்கே கற்றதில் பாதி கோடு போடுவது, பாதி போட்ட கோட்டை அழிப்பது. பிறகு சேலம் வந்து செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் வரைபடக்காரனாகச் சேர்ந்தேன். நாற்பது பேர் வேலை செய்த இடம். மதகுக்குத் திருகு, கடலை உடைக்கும் யந்திரம், அரிசி ஆலைக்குத் தண்டு என்று கேட்டதெல்லாம் செய்தோம். மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. கையும் காலும் திடமாக இருந்த ஃபிட்டர்கள் பலர் அங்கே போய்விட்டார்கள். எங்களிடம் மிஞ்சியவர்களுக்குச் சொந்தத்தில் காடு கழனி இருந்தது, அல்லது சொந்தத்தில் அபிப்பிராயம் இருந்தது.

கணக்கு என்னவோ எளிதானதுதான். ஒரு நட்டில் பாரம் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தோற்பதற்கு மூன்று வழிகள். போல்ட்டின் தண்டே இழுபட்டு இரண்டாகலாம். போல்ட்டின் மரை அறுந்து போகலாம். நட்டுக்குள் இருக்கும் மரை அறுந்து போகலாம். முதலாவது கௌரவமான தோல்வி. தண்டு கொஞ்சம் நீளும், இளைக்கும், கீழே நிற்பவனுக்கு ஓட நேரம் கொடுக்கும். மற்ற இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் வரும். ஆகவே எது அறுந்தாலும் மரை கடைசியாகத்தான் அறுபட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் சட்டம்.

மரை என்பது தண்டைச் சுற்றிக்கொண்டு ஏறும் ஒரு மேடு. அந்த மேட்டை அடியோடு சீவி எடுக்க எவ்வளவு இரும்பை அறுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. மரையின் பள்ளத்தில் தண்டின் சுற்றளவை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை நட்டின் உயரத்தால் பெருக்க வேண்டும். அந்த உயரம் முழுவதும் இரும்பு இல்லை, மேட்டுக்கு மேடு இடைவெளி உண்டு. அதற்காக முக்காலாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். வருவது சதுர அங்குலம். ஒரு சதுர அங்குல இரும்பை அறுக்கச் சுமார் இருபது டன் வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. ஓர் அங்குல போல்ட்டுக்கு இப்படிப் போட்டால் மரைக்கு நாற்பது டன் வரும். தண்டு பதினைந்து டன்னிலேயே இற்றுவிடும். சட்டம் காப்பாற்றப்பட்டது. கையெழுத்துப் போடலாம்.

நானும் போட்டேன். போட்டுவிட்டுத்தான் கிணற்றில் இறங்கினேன்.

கணக்கில் ஓர் எழுத்துக்கூடத் தவறில்லை. நான் எழுதாமல் விட்ட ஒரு வரியில்தான் தவறு இருந்தது. போல்ட்டின் மேடு நட்டின் பள்ளத்துக்குள் முழு ஆழத்துக்கு இறங்கிக் கவ்வியிருந்தால்தான் அந்தக் கணக்கு. எங்கள் பட்டறையில் அது எப்படிக் கவ்வியது என்று சொல்வதற்கு, எங்கள் சூப்பரின்டெண்டெண்ட் ஞானப்பிரகாசத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாதா கோயில் மணி அடித்தால் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து, மணி சரியாக அடித்ததா என்று பார்ப்பவர் அவர். வெள்ளைக் கோட்டு. முப்பது வருடம் இரும்புப் பட்டறையில் நடந்தும் அதில் ஒரு கறை படிந்ததில்லை. யாரையும் திட்டமாட்டார். பிடிக்காத பொருளைக் கையிலெடுத்து, அது யாருடைய குழந்தையோ என்பதுபோல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கீழே வைப்பார். அந்த ஒரு பார்வைக்குப் பயந்து பெரிய பெரிய ஃபிட்டர்கள் கழிவறைப் பக்கம் போயிருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நட்டுச் சோதனை. வாரம் முழுவதும் செய்த போல்ட்டுகளை மேசையில் மெழுகுவத்திபோல் வரிசையாக நிறுத்தி வைப்பார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நட்டு. ஞானப்பிரகாசம் வருவார். கண்ணை மூடிக்கொள்வார். நடுவிரலால் நட்டை ஒரு சுண்டு சுண்டுவார். நட்டு கிர்ரென்று சுற்றிக்கொண்டே போல்ட்டின் அடிவரை இறங்கி 'டிக்' என்று உட்கார வேண்டும். உட்கார்ந்தால், "ம்." நடுவழியில் நின்றால் அந்த நட்டைக் கழற்றி வேறு தட்டில் போடுவார். செய்தவனுக்கு அந்த வாரம் தலை நிமிராது. எங்கள் பட்டறை நட்டு விரல் பட்டாலே ஓடும் என்பது மோகனூர் வரை பேச்சு. வாங்குகிறவர்களும் அப்படித்தான் சுண்டிப் பார்த்து வாங்கினார்கள். நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. நட்டுக்குள் மரை வெட்டும் டேப்பு சீமைச் சரக்கு. எஃகு, கண்ணாடிபோல் ஒடியும். ஒடித்தவன் பெயரை மரப்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி, மேலே ஆணியில் அந்த ஒடிந்த டேப்பைத் தொங்கவிடுவார்கள். அபராதம் எதுவும் இல்லை. பெயர் மட்டும் ஒரு மாதம் இருக்கும். சாப்பாட்டு வேளையில் எல்லோரும் அந்தப் பலகைக்கு எதிரில்தான் உட்கார்ந்து தூக்குப் போசியைத் திறப்பார்கள்.

இப்போது நீங்கள் ஒரு ஃபிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டேப்பு ஒடியக்கூடாது. நட்டும் ஓட வேண்டும். என்ன செய்வீர்கள்? டேப்பை விடுவதற்கு முன் நட்டில் போடும் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போடுவீர்கள். வெட்ட வேண்டிய இரும்பு குறைந்துவிடும், டேப்பு சுகமாக இறங்கும். போல்ட்டுக்கும் கொஞ்சம் இளைத்த கம்பியாகப் பார்த்து எடுப்பீர்கள். இரண்டும் சேர்ந்தால் நட்டு பறக்கும். மேடும் பள்ளமும் ஒன்றையொன்று கவ்வாது. கூட்டத்தில் கைகுலுக்கப் போய் விரல்நுனி மட்டும் பட்டதுபோல் நுனியோடு நுனி உரசிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட நட்டுகளையெல்லாம் சனிக்கிழமைதோறும் பொறுக்கி எடுத்து, நல்லவை என்று முத்திரை குத்தி அனுப்பிக்கொண்டிருந்தோம். மரை ஒழுங்காகக் கவ்விய நட்டுகளைப் பழைய இரும்பில் போட்டோம்.

கிணற்றிலிருந்து வெளியே வந்ததும் போல்ட்டைப் பார்த்தேன். அதன் மரையில் ஒரு மெல்லிய இரும்புச் சுருள் சிக்கியிருந்தது. நட்டின் மரை முழுவதும் அப்படியே உரிந்து வந்திருந்தது. பட்டறைக்குப் போய் அளந்தேன். விஷயம் புரிந்தது. சுருளை எடுத்துக்கொண்டு ஞானப்பிரகாசத்திடம் போனேன். அவர் முழுவதும் கேட்டார்.

"தம்பி, விழுந்தது எத்தனை நட்டு?"

"ஒண்ணு சார்."

"இனிமே ரெண்டு போடு" என்றார்.

அன்று முதல் எங்கள் பட்டறையில் பாரம் தூக்கும் போல்ட்டுக்கெல்லாம் இரண்டு நட்டு என்று விதி வந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாற்பது பேரின் பெருமையைப் பார்த்து, 'உங்கள் நல்ல நட்டெல்லாம் கெட்ட நட்டு' என்று சொல்ல, உடம்பில் சேறு காயாத ஒருவனுக்குத் தைரியம் வரவில்லை. ஆறு வருடம் பழைய கணக்கையே போட்டேன். நாற்பது டன், நாற்பது டன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இந்தக் கட்டுரையில் உண்மையாக வெட்கப்பட வேண்டிய இடம் இதுதான். கிணறு வெறும் சேறு.

ஆறாவது வருடம் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலைக்குப் பாய்லர் வந்தது. பன்னிரண்டு டன். ஆலை முதலாளி பழனியப்பக் கவுண்டர். பாய்லரைக் கட்டிடத்துக்குள் உருளைகளின் மேல் இழுத்து வந்தாகிவிட்டது. இனி அதை நான்கடி உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, கீழே செங்கல் பீடம் கட்டி, அதன்மேல் இறக்க வேண்டும். தூக்கும் வேலை எங்களுடையது. நான்கு மூலையிலும் கனத்த மரத்தூண்கள், மேலே உத்தரம், உத்தரத்திலிருந்து ஓர் அங்குலக் கனத்தில் நான்கு கம்பிகள். கம்பியின் மேல்பகுதி முழுவதும் மரை. நட்டைத் திருகத் திருகக் கம்பி மேலே ஏறும், பாய்லரும் கூடவே ஏறும். முழுப் பாரமும் நட்டின் மரையில். விதிப்படி கம்பிக்கு இரண்டு நட்டு. கணக்கு என்னுடையது.

பீடம் கட்ட இரண்டு நாளாகும் என்றார் கொத்தனார் காளியப்பன். அவரும் ஐந்து ஆட்களும். பாய்லரின் வயிற்றுக்குக் கீழே மல்லாந்து படுத்துத்தான் மேல்வரிசைக் கல்லைப் பதிக்க வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஞானப்பிரகாசம் வெள்ளைக் கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கவுண்டரும் அவருடைய உறவுக்காரர்களும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். உத்தரத்தின் மேல் எங்கள் ஃபிட்டர் முத்துசாமி. எங்கள் பட்டறையில் அவர் நட்டுக்குத்தான் முதல் மரியாதை. அவர் ஒரு நட்டைக் கம்பியின் உச்சியில் வைத்து ஒற்றை விரலால் சுண்டினார். நட்டு அந்த நீளக் கம்பியில் பாடிக்கொண்டே இறங்கி வந்து உட்கார்ந்தது. கூட்டம் 'ஆகா' என்றது. கவுண்டர் சிரித்தார்.

மேலே ஏறிப் போய்க் காலிப்பரால் அளந்தேன். கம்பி ஓர் அங்குலத்துக்குக் குறைவு. உபரியாக இருந்த நட்டின் துளை இருக்க வேண்டியதைவிட அதிகம். கவ்வியிருந்தது ஐந்தில் ஒரு பங்கு ஆழம். நாற்பதை ஐந்தால் வகுத்தால் எட்டு. அதிலும் நுனியோடு நுனி பிடிக்கும் மரை அறுபடுவதற்கு முன்னால் மடங்கும், நட்டு விரியும். அதற்குப் புத்தகத்தில் கணக்கில்லை. பாதி என்று வைத்துக்கொண்டேன். நான்கு டன்.

பன்னிரண்டு டன் பாய்லர் நான்கு கம்பியில் தொங்கினால் கம்பிக்கு மூன்று டன் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் நான்கு கால் நாற்காலி மேடுபள்ளத் தரையில் எப்படி உட்காரும்? எதிரெதிர் மூலையில் இரண்டு கால் தாங்கும், மற்ற இரண்டும் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். நான்கு பேர் நான்கு மூலையில் திருகும்போது ஒருவன் கொஞ்சம் முந்துவான், ஒருவன் பிந்துவான். பாரம் இரண்டு கம்பிக்கு வந்துவிடும். ஆறு டன், நான்கு டன் நட்டின்மேல். அதன் அடியில் ஆறு பேர்.

இறங்கி வந்தேன்.

"சார், தூக்கறதை நிறுத்தணும்."

ஞானப்பிரகாசம் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏன்?"

"மரை தாங்காது."

"கணக்குப் போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"அப்புறம்?"

"கணக்கு தப்பு சார். ஆறு வருஷமாத் தப்பு."

இதைச் சொல்ல எனக்கு ஆறு வருடமும் ஒரு பாய்லரும் தேவைப்பட்டன. சொன்ன பிறகு உடம்பு லேசாக இருந்தது. வேலை போய்விட்டால் என்ன செய்வது என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது.

கவுண்டர் முன்னால் வந்தார். "ஏனுங்க, நெல்லு களத்துல குமிஞ்சு கெடக்குது. மழை வந்தா மொளைச்சுப் போயிருமுங்க. இப்ப வந்து கணக்குத் தப்புங்கறீங்களே, இத ஊட்டுலயே பார்த்துட்டு வந்திருக்கப்படாதுங்களா?"

நியாயமான கேள்வி. ஞானப்பிரகாசம் எனக்காக, அல்லது பட்டறைக்காக, குறுக்கே வந்தார். "கவுண்டர் பயப்பட வேண்டாம். கம்பிக்கு ரெண்டு நட்டு போட்டிருக்கு. தம்பி சொல்ற மாதிரி ஒண்ணு நாலு டன்னுதான்னாலும், ரெண்டு எட்டு டன். ஆறுதானே வருது?"

"ரெண்டும் சேர்ந்து தாங்காது சார்" என்றேன். "அடி நட்டைத்தான் ஸ்பேனர் போட்டுத் திருகறோம். மேல் நட்டு விரலால ஓடி வந்து அதும்மேல சும்மா உட்கார்ந்திருக்கு. ஆபீஸ்ல ரெண்டு குமாஸ்தா மாதிரி. முதல் ஆள் மயங்கி விழுந்த பிறகுதான் ரெண்டாவது ஆள் மேசைக்குக் காகிதம் போகும். போகறப்போ மொத்தமாப் போகும்."

அதுவரை செங்கல்லின்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த காளியப்பன் எழுந்து துண்டை உதறினார்.

"பெரியவங்க பேசறப்ப நடுவுல வாரேனுங்க, கோவிச்சுக்காதீங்க. அடியில படுக்கறவன் நானு. எத்தனை தப்புங்க?"

"நாற்பதுன்னு எழுதினேன். நாலுதான்."

"ஒரு சைபருங்களா?"

"ஆமாம்."

"அப்ப நான் அந்த சைபருக்கடியில படுக்க மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

கொத்தனார் உட்கார்ந்துவிட்டால் ஆலை நின்றுவிடும். வாதம் என் பக்கம் திரும்பியது. நான் கேட்டது ஒன்றுதான். பாய்லருக்கு அடியில் ரயில் ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்க வேண்டும். நான்கு கம்பியாலும் தூக்கி, பாய்லருக்கும் கட்டைக்கும் ஓர் அங்குலம் மட்டும் இடைவெளி விட வேண்டும். பிறகு எதிரெதிர் மூலையில் இரண்டு கம்பியைத் தளர்த்திவிட வேண்டும். தாங்கினால் நான் தோற்றேன். தாங்காவிட்டால் பாய்லர் ஓர் அங்குலம்தான் விழும்.

"தாங்கிச்சுன்னா?" என்றார் ஞானப்பிரகாசம்.

"ராஜிநாமா எழுதித் தர்றேன் சார்."

"எழுத்துப் பிழையில்லாம எழுது" என்றார். எனக்குத் தெரிந்து அவர் செய்த ஒரே நகைச்சுவை அதுதான்.

கட்டை அடுக்கினார்கள். எல்லோரையும் சுவர் ஓரமாக நிறுத்தினேன். முத்துசாமியை ஏணியில் நிற்கவைத்து, எட்டக் கையை நீட்டி முதல் கம்பியைத் தளர்த்தச் சொன்னேன். பாய்லர் லேசாக முனகியது. எதிர்மூலைக் கம்பியையும் தளர்த்தினார். ஒன்றும் ஆகவில்லை. ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம். கவுண்டரின் மைத்துனர் கொட்டாவி விட்டார். ராஜிநாமாவுக்கு முதல் வாக்கியம் எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஞானப்பிரகாசம் நாற்காலியிலிருந்து எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

'டப்.'

கண்ணிமைக்கும் நேரம். 'டப்.' இரண்டாவது நட்டு. உடனே பூமி ஒரு குலுங்கு குலுங்கியது. பாய்லர் கட்டையில் உட்கார்ந்துவிட்டது. உத்தரத்திலிருந்த தூசியெல்லாம் ஒன்றாக இறங்கி, முப்பது வருடமாகக் காத்திருந்ததுபோல் ஞானப்பிரகாசத்தின் கோட்டில் படிந்தது.

நான் கட்டைக்கும் பாய்லருக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். அந்த ஓர் அங்குலம் இல்லை. கட்டை இல்லாதிருந்தால் அந்த இடத்தில் ஆறு பேர் இருந்திருப்பார்கள்.

ஞானப்பிரகாசம் கம்பியின் அருகே போனார். மரையில் சிக்கியிருந்த இரும்புச் சுருளை எடுத்தார். சூடாக இருந்திருக்க வேண்டும், கை மாற்றிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"முத்துசாமி, துளைக்கு எந்த டிரில் போட்டே?"

முத்துசாமி ஏணியில் பாதியில் நின்றார். "எப்பவும் போடறதுதானுங்க சார். நீங்க சுண்டிப் பார்த்துப் பாஸ் பண்ணினதுங்க."

அவர் நினைத்திருந்தால் அந்த இடத்தில் முத்துசாமியைத் தொலைத்திருக்கலாம். என்னையும் சேர்த்து. நாங்கள் இருவரும் அதற்குத் தயாராகவே நின்றோம்.

"ஆமா" என்றார் ஞானப்பிரகாசம். "பாஸ் பண்ணினது நான்தான்." கவுண்டரிடம் திரும்பினார். "மூணு நாள் கொடுங்க."

அந்த மூன்று நாளைத்தான் என் உத்தியோக வாழ்க்கையின் திருவிழா என்று சொல்வேன். நாமகிரிப்பேட்டையிலிருந்து சேலத்துக்குத் திரும்பியதும், பெரிய கம்பியாக எடுத்து லேத்தில் கடைந்து சரியாக ஓர் அங்குலத்துக்குக் கொண்டுவந்தோம். நட்டின் துளையைப் புத்தகம் சொன்ன அளவுக்குச் சிறிதாக்கினோம். டேப்பு இறங்க மறுத்தது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே, எண்ணெய், மறுபடி அரைச் சுற்று. ஒரு நட்டுக்கு ஒரு மணி நேரம். முதல் டேப்பை முத்துசாமி ஒடித்தார். இருபது வருடத்தில் அவர் பெயர் பலகையில் ஏறியதில்லை. "எழுதுங்க, எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டேப்பை எடுத்தார். இரண்டாவதை நான் ஒடித்தேன். எனக்குக் கைப்பழக்கமே கிடையாது; ஒடிக்கும் உரிமையாவது இருக்கட்டும் என்று முயன்றேன். மூன்றாவதை, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்த ஞானப்பிரகாசம் ஒடித்தார். சுண்ணாம்புக் கட்டியை யாரும் எடுக்கவில்லை. அவரே எடுத்துத் தன் பெயரை முழு நீளத்துக்கு, அழகான கையெழுத்தில், எல்லாவற்றுக்கும் மேலே எழுதினார். சாப்பாட்டு வேளையில் அன்று வந்த சிரிப்புச் சத்தம் அந்தப் பட்டறையில் அதற்கு முன் வந்ததில்லை.

ஒவ்வொரு ஜோடியையும் அளந்தேன். ஒரு நட்டை ரம்பத்தால் நெடுக்கில் பிளந்து, போல்ட்டை அதில் படுக்கவைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். மேடும் பள்ளமும் ஒன்றோடொன்று பல்லைக் கடித்ததுபோல் உட்கார்ந்திருந்தன. பழைய நட்டையும் அப்படியே பிளந்து காட்டினேன். அதில் வெளிச்சம் நூலாக ஊடுருவி வந்தது. ஃபிட்டர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கண்ணை இடுக்கிப் பார்த்தார்கள். ஆறு வருடமாக என் நாக்கில் நின்ற பேச்சை ரம்பம் பத்து நிமிஷத்தில் பேசி முடித்தது.

நான்காம் நாள் நாமகிரிப்பேட்டை. கம்பிக்கு ஒரே நட்டு. அடியில் கட்டை, ஓர் அங்குல இடைவெளி, எதிர்மூலைக் கம்பி இரண்டும் தளர்வு. காலையிலிருந்து பொழுது சாயும் வரை பன்னிரண்டு டன்னும் இரண்டு கம்பியில் தொங்கியது. மணிக்கொரு முறை அங்குலக் கட்டையை விட்டு இடைவெளியை அளந்தேன். மயிரிழை மாற்றமில்லை. மறுநாள் நான்கு கம்பிகளிலும் ஏற்றி நிறுத்தினோம். காளியப்பனும் ஐந்து பேரும் அடியில் போனார்கள். அவர் மல்லாந்து படுத்துக் கல்லைப் பதிக்க, நானும் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். ஒரு வேலையும் இல்லை. என் கணக்குக்கு அடியில் நானும் படுக்க வேண்டும் என்று தோன்றியது. "தள்ளிப் படுங்க சாமி, முழங்கை இடிக்குது" என்றார் காளியப்பன். இரண்டு நாளில் பீடம் எழுந்தது. பாய்லர் அதன்மேல் பூப்போல் இறங்கியது. மழையும் வரவில்லை.

முதல் நீராவி ஏற்றிய அன்று ஆலையில் சங்கு ஊதியது. கவுண்டர் எனக்கும் ஞானப்பிரகாசத்துக்கும் பெரிய மாலையாகப் போட்டார். ஞானப்பிரகாசம், கறை படிந்த கோட்டோடு, "மரைக் கணக்கு நம்ம தம்பியோடது" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். சனிக்கிழமைச் சோதனை அதன் பிறகு மாறியது. நட்டைச் சுண்டுவது நின்று, துளையை அளக்கும் கட்டை வந்தது. அந்தக் கட்டையின் அளவுக்குக் கீழே என் கையெழுத்து இருந்தது. சேலம் ஜில்லாவில் அன்று என்னைவிடப் பெரிய மனிதன் இருந்திருந்தால் எனக்குத் தெரியாது.

மாலையைக் கழற்ற மனமில்லாமல் நின்றிருந்தபோது காளியப்பன் வந்தார். கையில் ஆலையில் கொடுத்த வேட்டி துண்டு. நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து, 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று சொல்வதற்கு முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"ஒன்னு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே சாமி?"

"சொல்லுங்க."

"உங்க நட்டைத் திருகறதுக்குள்ள நாலு ஆளுக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சுங்க. முன்னால ஒருத்தரு செஞ்சிருந்தாரே, உழுந்தாலும் அது வேலை தெரிஞ்சவன் கையி நட்டுங்க, ஒத்தை விரல்ல ஓடுச்சு. அடுத்த வாட்டி வாரப்ப, மரை வெட்டத் தெரிஞ்ச ஆளா ஒருத்தரைக் கூட்டியாங்க."